ஒற்றைக் கிளையில் பூ

"தணிகாசலம் வரையற படத்தை மட்டும் செவுத்துல மாட்டுறீங்களே அம்மா. நான் படுற பாடு உங்க கண்ணுலயே படலையா?"

அரவாழிக்குத் தலையெல்லாம் நரைத்துவிட்டது. பொறாமை மட்டும் இன்னும் கருகருவென்று இருந்தது.

வரையக் கற்றுத்தரும் குரு பூரணி அவரைவிட இளையவள். கரித்துண்டைக் கூர் சீவிக்கொண்டிருந்தாள்.

மாந்தோப்பில் சீடர்களுக்கு ஆளுக்கொரு மரத்தைக் காட்டி, "இதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் பாடம்.

அரவாழி தன் மரத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தார். நிழலை அளந்து உயரம் கண்டுபிடித்தார். இலை நரம்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பட்டைமேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்து அதன் ரேகையை எடுத்தார். இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

பக்கத்து மரத்தடியில் தணிகாசலம் உட்கார்ந்து வரைந்தான். குரு அவன் படத்துக்கு முன்னால் வந்தால் நகரவே மாட்டாள்.

அரவாழிக்கு வயிறு எரிந்தது. சுவரில் ஒரு படம், அதன் கீழே தன் பெயர். அது போதும் அவருக்கு. அதுதான் கிடைக்கவில்லை.

ஒரு மத்தியானம் தணிகாசலம் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் தினமும் வரையும் கிளையின் பட்டையை விரலகலத்துக்குச் சுற்றிலும் சீவி எடுத்தார். காய்ந்து தொலையட்டும் என்று கறுவிக்கொண்டே திரும்பினார்.

கிளை காயவில்லை. தை பிறந்ததும், தோப்பே சும்மா இருக்க, அந்தக் கிளை மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

தணிகாசலம் அதை வரைந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். சீவிய வளையத்தையும் விடாமல் வரைந்திருந்தான்.

"ஏன் இது மட்டும் பூத்துதுன்னு புரியலையே அம்மா."

குரு படத்திலிருந்த வளையத்தின் மேல் விரலை வைத்து அரவாழியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க."

அரவாழி அந்த வளையத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"பட்டையை எடுத்துட்டா உணவு கீழே இறங்காது. கிளையிலயே தங்கிடும். அதனால... பூக்கும்."

சொல்லும்போதுதான் அவருக்கே அது விளங்கியது.

தணிகாசலம் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இவ்வளவு விவரம் தெரிஞ்சவர் நீங்கதான். என் மரம் பூக்கணும்னு நீங்களா செஞ்சீங்க, அண்ணே? ஒரு வார்த்தை சொல்லலையே!"

குரு படத்தைச் சுவரில் மாட்டினாள். கீழே தணிகாசலத்தின் பெயரை எழுதினாள். பக்கத்தில் இடம் விட்டு, கரித்துண்டை அரவாழியிடம் கொடுத்தாள்.

"பூக்க வெச்சவர் நீங்க. உங்க பேரை எழுதுங்க."

அவர் ஏங்கிக் கிடந்த இடம்.

"பூக்கறதுக்குச் செய்யலை தம்பி" என்றார். "காயணும்னுதான் சீவினேன். உம்மேல அவ்வளவு பொறாமை எனக்கு."

தணிகாசலம் பிடித்த கையை விட்டான்.

அரவாழி கரித்துண்டைத் திருப்பி நீட்டினார். குரு வாங்கவில்லை.

"இப்ப எழுதுங்க" என்றாள்.