பண்ணையார் போட்ட சட்டம்

துப்பாக்கி பிடித்துப் பழகாத இருவரைப் புறா வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு, ஒச்சப்பன் மூன்றாம் நாளாகப் பண்ணையாரின் கடலைக்காட்டுப் படலருகே வந்து நின்றான். நாலு மைல் நடந்து கால் கடுத்தது.

“குறி தப்பாதவன்தான் என் நிலத்தில் கால் வைக்கலாம்” என்றார் பண்ணையார், அன்றும் வழிவிடாமல் உள்ளே நின்றபடி.

“சரிங்க எசமான். அது எப்படின்னு ஒருதரம் சுட்டுக் காட்டுங்க, இவங்களும் பார்க்கட்டும்.”

பண்ணையார் மீசையை முறுக்கிவிட்டு, காட்டில் மேய்ந்த புறாக்களைக் குறிபார்த்துச் சுட்டார். புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. காவல் பொம்மையின் தலைச்சட்டிதான் சிதறியது.

ஒச்சப்பன் சிரிக்கவில்லை. அலுப்போடு படலைத் திறந்து பிடித்தான்.

“வெளியே வாங்க எசமான். நாலு பேருமாப் போய் வேற காடு தேடுவோம்.”

பண்ணையார் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

“உள்ளே வாங்கப்பா. எல்லாரும் இங்கேயே பழகிக்கலாம்.”

ஒச்சப்பன் வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டினான்.