மூடி திறக்காத சோடா

எங்கள் கேமிங் கிளப்பில் குரு என்றால் மாதங்கிதான். வயது இருபத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தேழு. பெயர் சேர்மதுரை, பாளையங்கோட்டையில் பி.டி. மாஸ்டர். பள்ளியில் ஆன்லைன் விளையாட்டு அணி தொடங்கப்போகிறார். முப்பத்திரண்டு விதிகளைத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார்.

"குருவே, பிள்ளைங்களை இந்த ஆட்டத்துல எப்படிப் பத்திரமா பாத்துக்கிறது?"

"முதல்ல ஒரு ஆட்டம் ஆடுங்க சார்."

ஆளுக்கொரு அறை. அவருக்கு வாய்த்த ஜோடி 'இடிமுழக்கம்'. அது திரையில் தெரிந்த பெயர். மைக்கில் வாயே திறக்காத ஆள். கடைசி நிமிடத்தில் இடிமுழக்கம் கோட்டை வாசலை மூட மறந்ததில், கோட்டையே பறிபோனது.

"ஏலே, கண்ணு எங்கல இருக்கு? நீ ஆட வரலைன்னு இங்க எவன் அழுதான்?"

மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை. கிளப்பே அதிர்ந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும், கூட ஆடியவருக்கு நம் கையால் ஒரு பன்னீர் சோடா உடைத்துக் கொடுக்க வேண்டும். சேர்மதுரையும் சோடாவோடு எதிர் அறை வாசலில் போய் நின்றார்.

கதவு திறந்தது. இரட்டைச் சடை, பத்து வயது, அழுது சிவந்த மூக்கு. செம்மலர்.

"எனக்குச் சோடா வேண்டாம். இனிமே நான் ஆடவே வரமாட்டேன்."

மனிதருக்கு முகம் செத்துப்போச்சு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என் பேர்லதான் தாயி. நீ வரலைன்னா நான்தான் அழுவேன்."

"நெசமாவா?"

"இப்பவே அழட்டுமா?"

அவர் மூஞ்சியைக் கோணிய கோணலில் அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சோடாவையும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஆட்டத்தில் வாசலை மூட மறந்தது சேர்மதுரை.

"பரவால்ல சார், நான் பாத்துக்கிறேன்!" முதல் தடவையாக மைக்கில் பேசியது இடிமுழக்கம். கோட்டை தப்பியது. எங்களுக்கெல்லாம் ஒரே கும்மாளம்.

கிளம்பும்போது மாஸ்டருக்கு மறுபடி சந்தேகம்.

"இங்க சரி குருவே. என் பிள்ளைங்களோட ஆடப்போறவன் எந்த ஊர்ல இருப்பானோ! அவனுக்கு எப்படிம்மா சோடா கொடுக்கிறது?"

மாதங்கி ஒரு பன்னீர் சோடாவை எடுத்து, மூடி திறக்காமல் அவர் கையில் வைத்தாள்.

"ஒவ்வொரு மைக் பக்கத்துலயும் இப்படி ஒண்ணு வச்சுட்டு ஆடச் சொல்லுங்க சார்."

"யார் குடிக்க?"

"அந்தப் பக்கம் கதவு திறந்தா யார் வருவாங்களோ, அவங்களுக்கு."