பராக்கிரமராயர் சும்மா இருந்த நாள்

வெகு காலத்துக்கு முன்னே நெல்லாறு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மாறவண்ணன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் பல் துலக்கும்போது அவன் மனசில் ஒன்று தோன்றினால், மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். சாயங்காலம் அது அவனுக்கே மறந்தும் போகும்.

அவன் சபையில் பராக்கிரமராயர் என்று ஒரு பிரபு. பராக்கிரமம் பெயரோடு சரி. சண்டையை அவர் சுவர்ச் சித்திரத்தில்தான் பார்த்திருக்கிறார். பழைய மந்திரி காலமாகி மூன்று மாதமாய் மந்திரி ஆசனம் காலியாகக் கிடந்தது. வேறு யாராவது அதன் மேல் கை ஊன்றி நின்றால்கூட ராயருக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் பெரிய ஏரியின் கரை உடைந்துபோயிற்று. மழைக்கு முன்னால் மண் சுமந்து கொட்டி அடைக்க வேண்டும். ஆண்களோ அறுவடையில். "ஆளுக்கு எங்கே போவது?" என்று ராஜா கேட்டதும் ராயர் முன்னால் வந்தார்.

"அரசே, நாட்டில் முந்நூறு பேர் சும்மாவே இருக்கிறார்கள்."

"யாரய்யா அது?"

"கைக்குழந்தைக்காரிகள். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்க்கிறார்களாம். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, மன்னா? வெண்டைச் செடிக்கு யார் தாலாட்டுப் பாடுகிறார்கள்? அது பாட்டுக்கு வளரவில்லையா?"

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். மத்தியானத்துக்குள் 'சும்மா இருப்போர் பட்டியல்' ஓலையில் ஏறிவிட்டது. "கரை அடைபட்டால் மந்திரி ஆசனம் உமக்குத்தான், ராயரே!"

மறுநாள் பெண்கள் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் செக்கடி சிட்டாயி. இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை மயிலு.

"மகாராசா, மண்ணு சுமக்கச் சொன்னா சுமக்கிறோம். ஆனா நாங்க போயிட்டா எங்க வீட்டுல சும்மா இருக்க ஆள் இல்லையே? அந்த வித்தை தெரிஞ்ச பெரியவர் ராயர் ஐயாதான். இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஒரு பகல் சும்மா இருந்து காட்டட்டும். ஐயா ஒவ்வொரு வேலை செய்யும்போதும் நீங்க ஒரு மணி அடிங்க."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "நூறு மணி வரை பொறுக்கலாமா, ராயரே?"

"நூறா! பத்தாவது மணி அடித்தால் நான் தோற்றேன். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்," என்றார் ராயர். சொல்லும்போதே ஒரு கண் ஆசனத்தின் மேல்தான். இந்த ஒரு பகல் போனால் அது அவருடையது.

மறுநாள் விடிந்ததும் சபை நடுவில் ஜமக்காளம் விரித்தார்கள். ராஜாவின் பக்கத்தில் ஒரு வெண்கல மணியும் சுத்தியலும் வைத்தார்கள். கூழ்க் கலயத்தை வைத்துவிட்டுச் சிட்டாயி தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

மயிலு முதலில் ராயரின் மீசையைப் பார்த்தாள். வீறிட்டு அழுதாள். ராயர் தூக்கிக்கொண்டார். டங்!

"தூக்குவதும் வேலையா, அரசே?"

"கையை ஓங்கிவிட்டேன், அடித்துவிட்டேன்," என்றான் ராஜா.

கூழ் ஊட்டினார். டங்! பாதிக் கூழ் அவர் பட்டு அங்கவஸ்திரத்துக்கு வந்தது, துடைத்தார். டங்! அங்கவஸ்திரத்தில் வேறொரு ஈரமும் சேர்ந்தது, பிள்ளையைக் கழுவி வேறு துணி சுற்றினார். டங், டங்! யானை மாதிரி பிளிறிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனால் அழுகை அதற்குத்தான் நின்றது. சேனாதிபதி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். உச்சி வெயில் ஏறுவதற்குள் ஒன்பது மணி அடித்தாயிற்று.

அதன் பிறகு ராயர் உஷாரானார். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சிலை மாதிரி உட்கார்ந்தார். 'அசைந்தால்தானே மணி? அசையமாட்டேன்.'

மயிலு தவழ்ந்தாள். சிம்மாசனத்தடியில் ராஜாவின் தாம்பூலத் தட்டு. அதிலிருந்து ஒரு கொட்டைப் பாக்கை எடுத்தாள். பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

சிட்டாயி தூணை விட்டுப் பாய்ந்தாள். அதற்குள் ராயர் பாய்ந்திருந்தார். ஆசனம் எங்கே, பட்டியல் எங்கே, ஒன்றும் அவருக்கு நினைவில்லை. குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டி, விரலை விட்டுப் பாக்கை எடுத்து எறிந்தார். பிள்ளை ஓவென்று அழுதது. நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்.

ராஜா சுத்தியலைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.

"ஏன் மகாராசா அடிக்கலை?" என்றாள் சிட்டாயி. அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"இதைப் போய் வேலை என்று எப்படியம்மா சொல்வது? ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்."

"நாங்க தினமும் செய்யிறது அதைத்தான் சாமி. ஒரு நாளைக்கு இருபது தடவை. சோறாக்குறது, துவைக்கிறது எல்லாம் நடுநடுவுல."

ராஜா சுத்தியலைக் கீழே வைத்தான். பிறகு பட்டியலை வாங்கித் தன் கையாலேயே கிழித்தான். "மூன்று மாதமாக இந்த ஆசனத்தைச் சுற்றிச் சும்மா நின்றவர்கள் நாளைக்குக் கூடை எடுக்கட்டும். ஏரிக்கரை காத்திருக்கிறது." பிரபுக்கள் தங்கள் உள்ளங்கைகளை முதல் தடவையாகக் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள்.

"சிட்டாயி, இந்த ஆசனம் இனி உனக்கு."

"உட்கார்றேன் மகாராசா. ஆனா நான் சபையில இருக்கிற நேரம் பிள்ளையை யாரு பார்த்துக்குவா?"

சபையில் அத்தனை பேருக்கும் அந்த நிமிஷம் தரையில் ஏதோ அதிசயம் தெரிந்தது. குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை.

"அதைப் பிறகு பார்ப்போம். புது மந்திரி வந்தாயிற்று! முரசை முழக்குங்கள்!" என்று கத்தினான் ராஜா.

முரசுக்காரன் கோலை ஓங்கினான். ராயர் கண்ணாலேயே அவனை எரித்தார். தோளில் மயிலு வாயைத் திறந்தபடி கிடந்தாள். எச்சில் அவர் முதுகு வரை வழிந்திருந்தது.

"கொஞ்சம் மெதுவாக, அரசே," என்றார் ராயர், உதடு மட்டும் அசைய. "இப்போதுதான் கண் அசந்தாள்."