ரெண்டு எட்டு வளையல்

"பந்து நேரா போக மாட்டேங்குது, கோச்."

"எந்தப் பந்து?"

"வெள்ளைதான்."

"அதுக்கு நேரா போக மட்டும்தான் தெரியும்," என்றாள் நசீமா. "நீங்க அதை என்ன பண்றீங்க?"

சவரிராஜ் கையிலிருந்த கியூ கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

*

திருச்சி கடைவீதியில் ஒரு வளையல் கடை. அதன் மேல் மாடியில் இரண்டு ஸ்னூக்கர் மேசைகள். கடை நசீமாவின் அத்தாவுடையது. மாடியில் ஆட்டம் சொல்லிக் கொடுப்பவள் நசீமா. வயது இருபத்தொன்பது.

சவரிராஜுக்கு ஐம்பத்திரண்டு. நேற்றுவரை அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டவர், மாணவராகச் சேர்ந்த அன்று 'கோச்' என்று மாற்றிக்கொண்டார். பாய்லர் ஃபிட்டராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். அவர் முறுக்கிய மூட்டில் ஒரு சொட்டு ஆவி கசிந்ததில்லை.

அந்த மாடியில் வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். மூன்று வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். மூன்று வருஷமும் கடைசிக் கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். மூன்று முறையும் எதிரே நின்றவர் ஒரே ஆள்: செல்போன் கடை தயாளன்.

போன வருஷம் தோற்றதும், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"அடுத்த தடவையும் தோத்தா இந்தப் படி ஏற மாட்டேன். ஏறினா என் பேரு சவரி இல்ல."

"வேற நல்ல பேரா நான் யோசிச்சு வைக்கிறேன்," என்றார் தயாளன்.

அடுத்த தடவைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

*

நசீமா ஒரு சோதனை வைத்தாள். வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில் வைத்து அதன் எதிர் விளிம்புச் சுவருக்கு அடிக்க வேண்டும். நேராக அடித்தால் அது முட்டித் திரும்பி வந்து கியூவின் நுனியைத் தொடும்.

சவரிராஜ் அடித்தார். பந்து இரண்டு விரல் வலப்பக்கம் தள்ளி வந்தது.

மறுநாள் வீட்டிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்து மேசையின் ஆறு இடத்தில் வைத்துப் பார்த்தார். மேசை மட்டமாக இருந்தது.

அடுத்த வாரம் கண்ணாடியை மாற்றினார். பந்து இரண்டு விரல் தள்ளி வருவது இப்போது தெளிவாகத் தெரிந்தது.

பிறகு கியூவைத் தரையில் உருட்டிப் பார்த்தார். அதில் கோணல் இல்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு கோச்," என்றார். "அதான் புரியல."

நசீமா அவருடைய வலது கையைப் பார்த்தாள். கியூவைப் பிடித்திருந்த விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"எதுக்கு அண்ணே இவ்வளவு இறுக்கம்?"

"விட்டா நழுவிடுமில்ல?"

"இதுவரைக்கும் எத்தனை தடவை நழுவியிருக்கு?"

சவரிராஜ் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.

"கீழ வாங்க," என்றாள் நசீமா.

*

கடையில் அவரை ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். வலது கையை வாங்கி, கட்டைவிரல் அடியில் அழுத்தி அளவு பார்த்தாள்.

"ரெண்டு பத்து," என்றாள். பிறகு அலமாரியில் அடுத்த தட்டிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல்களை எடுத்தாள். ரெண்டு எட்டு. ஒரு அளவு சின்னது.

சவரிராஜ் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன கோச் இது? விளையாடறீங்களா?"

"இல்ல. நீங்கதான் விளையாடப் போறீங்க. கையைக் கொடுங்க."

"நான் ஆம்பளை."

"நான் கையைத்தான் கேட்டேன்."

முதல் வளையல் கணுவில் முட்டி உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவது உடைந்து தோலைக் கீறியது.

"இதுக்கு ரெண்டு பத்தே போட்டுடலாமே?"

"போடலாம். கையைக் கொடுங்க."

வளையல் கணுவுக்கு வரும்போதெல்லாம் அவர் கை கல்லாகிவிடும். ஏழு வளையல் உடைந்தது. நெற்றியில் வேர்த்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் ஜிமிக்கி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "கடைசியாச் சொல்லுங்க தம்பி," என்றாள். கடைக்காரத் தம்பி சொன்னான். "அது கடைசியா? அதுக்கும் கீழ ஒரு கடைசி இருக்குமில்ல, அதைச் சொல்லுங்க!"

சவரிராஜ் சிரித்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தபோது அவர் மணிக்கட்டில் ஒரு வளையல் இருந்தது. அடுத்த இரண்டும் சிரிப்பு அடங்குவதற்குள் ஏறிவிட்டன.

"எப்படிப் போட்டீங்க?"

"நான் போடல," என்றாள் நசீமா. "நீங்க வழி விட்டீங்க."

"எப்பக் கழட்டலாம்?"

"கழட்ட வராது. ரெண்டு பத்து கைக்கு ரெண்டு எட்டு போட்டிருக்கேன்."

*

சவரிராஜின் மனைவி சோறு போட வந்தவள் கையைப் பார்த்தாள். குழம்பு ஊற்றினாள். மறுபடியும் பார்த்தாள்.

"பச்சை உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்றாள்.

*

மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். பொத்தான் போட்டு, அதன் மேல் கைக்குட்டையும் கட்டியிருந்தார்.

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க," என்றாள் நசீமா.

மடித்தார். அடுத்த மேசையில் ஆட்டம் நின்றது. தயாளன் கியூவைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"வளைகாப்பா சவரி? சொல்லவே இல்லையே. எத்தனையாவது மாசம்?"

மாடியே சிரித்தது.

"ஒருத்தனைத் திட்டணும்னாத்தான் வளையல் போட்டுக்கடான்னு சொல்லுவாங்க. இவரு நமக்கு அந்தச் சிரமத்தைக் கூடக் கொடுக்கல!"

சவரிராஜின் காது சிவந்தது. நசீமாவைப் பார்த்தார். அவள் மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு கியூ நுனியின் தோலை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிங்க," என்றாள்.

அடித்தார். கை இறுகியது, மணிக்கட்டு திரும்பியது, மூன்று வளையலும் மோதிக்கொண்டன.

"கேட்டுச்சு," என்றாள் நசீமா, திரும்பாமலே.

மறுபடியும் அடித்தார்.

"கேட்டுச்சு."

அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். மறுநாளும் அதேதான். இரண்டாவது வாரம் தயாளனுக்கே கேலி தீர்ந்துபோய்விட்டது. நசீமாவுக்கு மட்டும் அந்த வார்த்தை தீரவில்லை.

ஒரு நாள் சவரிராஜ் கோபத்தில் கியூவை மேசை மேல் போட்டார்.

"எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தாங்களேன்! ரெண்டு விரலா, மூணு விரலா? கட்டைவிரல் எங்க இருக்கணும்? அதைச் சொல்லாம கேட்டுச்சு கேட்டுச்சுன்னா?"

நசீமா எழுந்து வந்தாள். அவருடைய கியூவை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"இப்ப எத்தனை விரலால வாங்கினீங்க?"

அவர் கையைப் பார்த்தார். கியூ விரல்களில் சும்மா கிடந்தது.

"அப்படியே அடிங்க," என்றாள்.

அவர் குனிந்தார். கை பின்னால் போய் முன்னால் வந்தது.

பந்து போனது. எதிர்ச் சுவரில் முட்டியது. திரும்பி வந்தது. கியூ நுனியில் 'டொக்' என்றது.

நசீமா இடத்துக்குத் திரும்பி உப்புத்தாளை எடுத்தாள். 'கேட்டுச்சு' என்று சொல்லவில்லை.

சவரிராஜ் அன்று வேறு யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார். பேசினால் அது போய்விடும் என்று பயம்.

மறுநாள் வந்து அடித்தார்.

"கேட்டுச்சு," என்றாள்.

*

இறுதி ஆட்டம் ஞாயிறு சாயங்காலம். மாடியில் நிற்க இடமில்லை. சவரிராஜ் அரைக்கைச் சட்டையில் வந்தார்.

தயாளன் நடுவரிடம் போனார்.

"சார், எனக்கு அந்தச் சத்தம் இடைஞ்சல். கழட்டச் சொல்லுங்க."

"கழட்டிடுங்க சவரி."

"கழட்ட வராது சார்."

"அப்ப உடைச்சுடலாம்," என்றார் தயாளன். "நானே உடைச்சு விடறேன், வலிக்காம."

சவரிராஜ் நசீமாவைப் பார்த்தார். அவள் மூலையில் உட்கார்ந்து தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சவரிராஜ் கையைப் பார்த்துக்கொண்டார்.

"உடைக்க வேணாம் சார். நான் அடிக்கறப்ப சத்தம் வந்தா ஃபவுல்னு வச்சுக்கங்க."

"அப்படி ஒரு விதி எனக்குத் தெரியாதே?"

"இன்னிக்கு ஒரு நாள் தெரிஞ்சுக்கங்க."

தயாளன் வாய்விட்டுச் சிரித்தார். "சரின்னு சொல்லுங்க சார். சொல்லுங்க, சொல்லுங்க!"

நடுவர் சரி என்றார்.

ஒரே ஆட்டம். முக்கால் மணி நேரம். சவரிராஜ் முப்பது தடவைக்கு மேல் குனிந்து அடித்தார். ஒரே ஒரு முறை, ஒரு சிவப்புப் பந்தை அவசரப்பட்டு அடித்தபோது, வளையல் பேசிவிட்டது. கூட்டம் 'ஓ' என்றது. ஃபவுலுக்கு நாலு பாயிண்ட் தயாளனுக்குப் போனது.

கடைசியில் மேசையில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. தயாளன் நாலு பாயிண்ட் முன்னால் இருந்தார். கறுப்புக்கு ஏழு. அதைப் போடுகிறவருக்கு ஆட்டம்.

தயாளன் அடித்தார். கறுப்பு குழியின் விளிம்பில் முட்டித் திரும்பியது.

வெள்ளை மேசையின் ஒரு கோடியில் நின்றது. கறுப்பு மறு கோடியில். அதற்கப்பால் மூலைக் குழி. மூன்றும் ஒரே கோட்டில். கண்ணுக்கு இதைவிட எளிதான பந்து கிடையாது. கைக்கு இதைவிடக் கொடியதும் கிடையாது. நூலளவு கோணினாலும் அவ்வளவு தூரத்தில் அது ஒரு சாண் ஆகிவிடும்.

"சத்தம் வந்தா ஃபவுல்," என்று ஞாபகப்படுத்தினார் தயாளன். "ஃபவுல்னா ஆட்டம் முடிஞ்சுது. புதுப் பேரு ரெண்டு மூணு யோசிச்சு வச்சிருக்கேன் சவரி."

சவரிராஜ் குனிந்தார். கை கல்லானது. கணுக்கள் வெளுப்பது அவருக்கே தெரிந்தது. மூன்று வளையலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன.

நிமிர்ந்துவிட்டார்.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். மாடி அமைதியானது. அந்த அமைதியில் கீழே கடையிலிருந்து ஒரு குரல் ஜன்னல் வழியாக ஏறி வந்தது.

"அது கடைசியா? அதுக்கும் கீழ ஒரு கடைசி இருக்குமில்ல?"

சவரிராஜின் உதடு சிரிப்பில் கோணியது. அப்படியே குனிந்தார்.

கை பின்னால் போனது. ஒரு கணம் நின்றது. முன்னால் வந்தது.

பந்து பந்தைத் தட்டிய ஒலி. அப்புறம் ஒன்றுமில்லை. கறுப்பு அந்த நீளமான பச்சை முழுவதையும் கடந்து, குழியின் எந்த விளிம்பையும் தொடாமல் உள்ளே விழுந்தது. வெள்ளை, கறுப்பு இருந்த இடத்தில் போய் நின்றது.

முப்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். யாரோ அவரை இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்கள். கியூவை மேசை மேல் விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே உயர்த்தி, ஐம்பத்திரண்டு வயது சவரிராஜ் குதித்தார். மூன்று வளையலும் கலகலவென்று கூரை வரை கேட்டன.

மூலையில் நசீமா நிமிர்ந்தாள்.

"கேட்டுச்சு!" என்றாள். முகமெல்லாம் பல்.

*

கூட்டம் கலைந்தது. தயாளன் மட்டும் போகவில்லை. மேசையின் நடுக்கோட்டில் வெள்ளைப் பந்தை வைத்து அடித்தார். திரும்பி வந்த இடத்தைப் பார்த்தார். இன்னொரு முறை அடித்தார். பிறகு நசீமாவின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் ரெண்டு விரல் தள்ளித்தான் வருது," என்றார். "இடது பக்கம்."

நசீமா அவர் வலது கையை வாங்கி, கட்டைவிரல் அடியில் அழுத்திப் பார்த்தாள்.

"ரெண்டு பத்து," என்றாள். "சவரிண்ணே, கீழ போய் ரெண்டு எட்டுல மூணு எடுத்துட்டு வாங்க."

சவரிராஜ் தயாளனின் விரல் கணுக்களைப் பார்த்தார்.

"மூணு போதாது கோச். பத்து எடுத்துட்டு வரேன்."

படியிறங்கிப் போனார்.