செங்குளத்தில் யார் முதலில் இறங்குவது?

செங்குளத்தங்கரைக் காட்டில் வரிச்சி என்று ஒரு அணில் இருந்தாள். மூன்று குட்டிகளைப் பெற்றிருந்தாள். குட்டிகள் கண் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை அது. ஐப்பசி பிறந்த கையோடு வந்தது, போகவே இல்லை. மரத்தில் பழம் இல்லை. புல்லில் விதை இல்லை. இருந்ததெல்லாம் ஊறி, அழுகி, மண்ணோடு மண்ணாகிப் போயிற்று.

மழைக்கு முன்னால் அவள் எதுவும் சேர்த்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். சேர்த்தாள், பாவம்! ஓடி ஓடிச் சேர்த்தாள். சேர்த்ததையெல்லாம் பெருவயிறன் என்ற பெருச்சாளியிடம் கொடுத்து வைத்துவிட்டாள்.

அவள் மட்டுமா? சில்லைக்குருவி கொடுத்தது, காடை கொடுத்தது, வெள்ளெலி கொடுத்தது. பெருவயிறன் பேச்சு அப்படி.

"ஒரு கை தானியம் குடு தாயி, மழைக்காலத்துல ஒன்றரைக் கையா வாங்கிக்க! என் வளையைப் பாரு, எம்மாம் ஆழம்! ஒரு பயமும் இல்ல!"

தானியம் சேரச் சேர அவனுக்கு ஆசையும் சேர்ந்தது. வளையைக் குடைந்தான். இன்னும் குடைந்தான். மேட்டில் இடம் போதவில்லை என்று பள்ளத்துப் பக்கமும் குடைந்தான். முதல் பெருமழையில் பள்ளத்து வழியாகத் தண்ணீர் திபுதிபுவென்று உள்ளே வந்தது. வளை இடிந்தது. உள்ளே இருந்த தானியம் அத்தனையும் புளித்த கூழாகி நாறிற்று.

வரிச்சி போய்ப் பார்த்தபோது பெருவயிறன் இடிந்த வாசலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கே இல்ல தாயி," என்றான். தலை நிமிரவில்லை.

அவள் வெறுங்கையோடு திரும்பிவிட்டாள். கூட்டில் குட்டிகள் வாயைத் திறந்து திறந்து மூடின. தாய் தின்றால்தானே பால் சுரக்கும்? அதிலும் கடைக்குட்டி ரொம்பப் பொடிசு. உங்கள் சுண்டுவிரல் தண்டிதான் இருக்கும்.

ஆனால் அந்தக் காட்டில் வழி இல்லாமல் இல்லை. குளத்தின் மேட்டுக்கரையில் ஒரு இலுப்பை மரம் உண்டு. விதை முற்றும் காலத்தில் எல்லோரும் அதன் பொந்தில் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். அது பொதுத் தானியம். ஆபத்துக்கு மட்டும்தான் திறக்கலாம். திறக்க வேண்டுமென்றால் எல்லோரும் கூடித் தீர்மானம் போட வேண்டும்.

தீர்மானம் போடுகிற முறையைக் கேளுங்கள். சம்மதிக்கிறவர்கள் குளத்தில் இறங்கவேண்டும். முழங்கால் நனைய நிற்கவேண்டும். றெக்கை இருந்தாலும் அதே சட்டம்தான். சம்மதம் இல்லாதவர்கள் கரையில் நிற்கலாம். பாதிப் பேராவது தண்ணீரில் நின்றால் பொந்து திறக்கும்.

ஒரே ஒரு சங்கடம். அது செம்மண் குளம். இறங்கினால் கால் சிவந்துவிடும். லேசில் போகாது. எதற்கு யார் சம்மதித்தார்கள் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அந்தக் காட்டில் இரண்டு கட்சி. மரத்தில் இருப்பவர்கள் கிளைக்கூட்டம். அவர்களுக்குத் தலைவி செவ்வந்தி என்ற கிளி. தரையில் இருப்பவர்கள் வேர்க்கூட்டம். அவர்களுக்குத் தலைவர் சடையப்பன் என்ற முள்ளம்பன்றி. எந்தக் கட்சியிலும் சேராதவர் குளத்து ஆமையார் ஒருவர்தான். அதனால் தலை எண்ணுகிற வேலை அவருக்கு.

செவ்வந்தியும் சடையப்பனும் நல்லவர்கள்தான். பொந்தைத் திறக்கவேண்டும் என்று இரண்டு பேருக்குமே எண்ணம் இருந்தது. முதல்நாளே தனியாகச் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள்.

"எங்க பக்கம் பாதிப் பேரை இறக்கிடறேன்," என்றாள் செவ்வந்தி. "உங்க பக்கம் பாதிப் பேரை இறக்குங்க. யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

"சரி தங்கச்சி, அப்படியே செஞ்சிருவோம்!" என்றார் சடையப்பன்.

அந்தப் பாதிப் பேர் யார் யார் என்று மட்டும் இரண்டு பேருமே சொல்லி வைக்கவில்லை. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்களே! அதனால் ஒவ்வொருவரும் 'நான் கரையில் நிற்கிற பாதி' என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் தூறலில் எல்லோரும் குளத்தங்கரையில் கூடினார்கள். முதலில் வெண்காதன் என்ற முயல் எழுந்தான்.

"நான் பெருவயிறன்கிட்ட ஒரு மணி குடுக்கல. அவன் பேச்சை நம்பவும் இல்ல. நான் வேர்வை சிந்திப் பொந்துல போட்டதை எடுத்து அவன் வயித்துக்கு அளக்கணுமா? என்னய்யா நியாயம் இது?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பல பேர் தலையாட்டினார்கள். பெருவயிறன் ஒரு புதரோரமாகச் சுருண்டு நின்றான்.

வரிச்சி சொன்னாள்: "அவரைத் தண்டிங்க அண்ணே, நான் வேண்டாங்கல. ஆனா அவரைப் பட்டினி போடறேன்னு நீங்க போடுற கதவு எங்க கூட்டு வாசல்லதானே விழுது!"

வெண்காதன் காதைத் தாழ்த்திக்கொண்டான்.

அந்த நேரத்தில் செவ்வந்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கிளியால் முடியுமா? கூட்டத்தைப் பார்த்ததும் நாக்கு ஊறிவிட்டது. ஒரு கிளையில் ஏறிக்கொண்டு முழங்கினாள்.

"வளை தோண்டினவன் யாரு? வேர்க்கூட்டத்துக்காரன்! பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது யாரு? வேர்க்கூட்டத்துக்காரங்க! அவங்க பண்ணின கூத்துக்குக் கிளைக்கூட்டம் வந்து காலை நனைக்க வேண்டியிருக்கு!"

சடையப்பனின் முட்கள் சடசடவென்று சிலிர்த்தன.

"கேட்டீங்களா! கேட்டீங்களா! எங்க மனசு புண்பட்டுப் போச்சு!"

ஒரு காலைத் தண்ணீரில் வைக்கப்போன வேர்க்கூட்டத்தார் சிலர் டக்கென்று இழுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நல்ல சாக்குக் கிடைத்ததே! அவர்கள் இறங்காததைப் பார்த்துக் கிளைக்கூட்டத்தாரும் தயங்கினார்கள். ஒரு மைனா நகத்தை மட்டும் நனைத்துவிட்டு, புல்லில் துடைத்துக்கொண்டாள்.

வரிச்சி இறங்கினாள். அணிலுக்கு முழங்கால் தண்ணீர் எங்கே இருக்கிறது? கழுத்துவரை நின்றாள். காடையும் வெள்ளெலியும் இறங்கினார்கள். அங்கங்கே சிலர் இறங்கினார்கள். மற்றவர்களெல்லாம் பக்கத்தில் நிற்பவரின் காலையே பார்த்துக்கொண்டு கரையில் நின்றார்கள்.

ஆமையார் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"பாதி தேறல. இன்னும் கொஞ்சம் பேர் இறங்கியிருந்தா ஆகியிருக்கும். தீர்மானம் தோத்துப்போச்சு," என்றார்.

தோற்கும் என்று யாருமே நினைக்கவில்லை. மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள் என்றல்லவா எல்லோரும் இருந்தார்கள்!

பிறகு பிடித்தது பாருங்கள் சண்டை!

"உங்களாலதான் போச்சு!"

"உங்க வாயாலதான் போச்சு!"

"வாக்குக் குடுத்தீங்களே, எங்க உங்க பாதி?"

"உங்க பாதி எங்க? அதை மொதல்ல சொல்லு!"

வரிச்சி சொட்டச் சொட்டச் செவ்வந்தியிடம் போனாள். "அக்கா, இன்னொரு தடவை கூப்பிடுங்க அக்கா. குட்டிங்க தாங்காது."

"நீ தரையில ஓடுறவதானே? வேர்க்கூட்டத்துல போய்க் கேளு. தோக்கடிச்சது அவங்கதான்!"

சடையப்பனிடம் போனாள். "மாமா, நீங்களாவது..."

"நீ மரத்துல கூடு கட்டினவ. கிளைக்கூட்டத்துல கேளு தாயி. கெடுத்தது அவங்க!"

தரையிலும் ஓடி மரத்திலும் ஏறுகிறவளுக்கு இரண்டு பக்கமும் இடம் இல்லாமல் போயிற்று.

அப்படியே பல நாள் போயிற்று. மழை நிற்கவில்லை. சண்டையும் நிற்கவில்லை. கிளைக்கூட்டம் பாட்டுக் கட்டிப் பாடிற்று. வேர்க்கூட்டம் எதிர்ப்பாட்டுப் பாடிற்று. அன்றைக்கு இறங்கின கொஞ்சப் பேரையும் அவரவர் கட்சிக்காரர்களே, "செங்காலி! பெருச்சாளிக்குப் படியளந்த செங்காலி!" என்று கேலி பண்ணினார்கள்.

வரிச்சி மரப்பட்டையைக் கடித்துப் பார்த்தாள். ஊறின வேரைச் சப்பிப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாகத்தான் பால் ஊறிற்று. ஒரு நாள் காலையில் கடைக்குட்டி அழுவதை நிறுத்திவிட்டது. உடம்பு மட்டும் லேசாக ஏறி இறங்கிற்று. அழுகிற பிள்ளையை எப்படியாவது தேற்றலாம். அழாத பிள்ளையை என்ன செய்வது?

வரிச்சி மற்ற இரண்டையும் பஞ்சில் பொத்தி வைத்தாள். கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு குளத்தங்கரைக்கு ஓடினாள்.

அங்கே இரண்டு கூட்டமும் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தது. வெண்காதன் தனியாக உட்கார்ந்திருந்தான். வரிச்சி குட்டியை அவன் முன்னால் ஒரு அகன்ற இலையில் வைத்தாள்.

"கொஞ்சம் பார்த்துக்குங்க அண்ணே."

வெண்காதன் குனிந்து பார்த்தான். அந்தச் சின்ன வயிறு ஒட்டிப்போயிருந்தது. குட்டியை மெல்லக் கையில் எடுத்துக்கொண்டான்.

வரிச்சி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "யாரு முதல்ல இறங்குறதுன்னுதானே உங்களுக்குச் சங்கடம்? நான் இறங்கறேன். என் காலு ஏற்கனவே சிவப்புத்தான். எனக்குப் பின்னால யார் வந்தாலும், நானாகத்தான் போனேன், என்னைப் பார்த்துத்தான் அவங்க வந்தாங்கன்னு சொல்லிக்கறேன். பழியெல்லாம் எம்மேலயே இருக்கட்டும்!"

சொல்லிவிட்டு இறங்கினாள்.

குளம் பழைய குளம் இல்லை. ஓடைத் தண்ணீர் முழு வேகத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் வழுக்கிற்று. தண்ணீர் அவளைப் புரட்டி இழுத்தது. ஒரு வால் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

"ஐயோ, தாயி!"

கத்தியது வெண்காதன். கையில் குட்டி இருந்தது. பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்கவில்லை, "பிடி!" என்று நீட்டிவிட்டுக் குதித்தான். வாங்கிக்கொண்டது பெருவயிறன். குட்டியை வயிற்று ரோமத்தில் பொதித்துக்கொண்டு, மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்தான்.

சடையப்பன் தொப்பென்று தண்ணீரில் விழுந்தார். செவ்வந்தி ஒரு கொடியை அலகில் கவ்விக்கொண்டு, றெக்கை நனைய நனையத் தண்ணீரில் வந்து நின்றாள். கொடியின் நடுவை மைனாக்கள் பிடித்தார்கள். மறுமுனையைக் காட்டுப்பன்றி பிடித்தது. கீரி இறங்கிற்று, மயில் இறங்கிற்று. யார் கிளை, யார் வேர் என்று பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

ஆமையார் முங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் நடுக்குளத்தில் ஓடு தெரிந்தது. ஓட்டின் மேலே, நனைந்த துணி மாதிரி, வரிச்சி. கொடியைப் பிடித்து எல்லோரும் இழுத்தார்கள். அவள் இருமினாள். இருமல் சத்தம் கேட்டதும் குளமே பெருமூச்சு விட்டது.

"இருங்க!" என்றார் ஆமையார். "யாரும் கரையேறாதீங்க! அப்படியே நில்லுங்க!"

என்ன ஆபத்தோ என்று எல்லோரும் நின்றார்கள். ஆமையார் கழுத்தை நீட்டிச் சாவகாசமாக எண்ணினார்.

"பாதிக்கு மேல இருக்கு. ரொம்ப மேலயே இருக்கு. தீர்மானம் ஜெயிச்சாச்சு! பொந்தைத் திறங்க!"

சடையப்பன் பதறினார். "ஆமையாரே, இது கணக்குல வராது! நாங்க ஒரு உசிரைக் காப்பாத்த இறங்கினோம்!"

"ஆமா! உசிரைக் காப்பாத்தத்தான் இறங்கினோம்!" என்றாள் செவ்வந்தி. எல்லார் எதிரிலும் இரண்டு பேரும் ஒரே பேச்சாய்ப் பேசியது அன்றைக்குத்தான்.

ஆமையார் அவர்களைப் பார்த்தார். "அன்னைக்கு வேற எதுக்கு இறங்கச் சொன்னாங்க?"

எல்லோரும் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் காலும் சிவப்பு. இனி யார் யாரைச் செங்காலி என்பது?

வெண்காதன்தான் முதலில் கரையேறிப் பொந்தைத் திறந்தான். முதல் பிடியை வரிச்சிக்குக் கொடுத்தான். பிறகு பெருவயிறனிடம் போனான்.

"உன்னைச் சும்மா விடமாட்டேன். மழை விட்டதும் மேட்டுல புது வளை தோண்டணும். நாங்க பார்க்கப் பார்க்கத் தோண்டணும். நீ சேர்க்கிறதுல முதல் பங்கு இந்தப் பொந்துக்கு. சம்மதமா?"

"சம்மதம் சாமி, சம்மதம்! சத்தம் போடாதீங்க, பிள்ளை தூங்குது," என்றான் பெருவயிறன். அவன் கன்னமெல்லாம் ஈரம். மழை ஈரமாகவும் இருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் வரிச்சிக்குப் பால் சுரந்தது. கடைக்குட்டி முதலில் முகர்ந்தது. பிறகு சப்பிற்று. பிறகு ஒரு அழுகை அழுதது பாருங்கள், இரண்டு கரைக்கும் கேட்டது!

அதே நேரத்தில் கீழே செவ்வந்தியும் சடையப்பனும் சத்தமாய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல இறங்கினது நாங்க!"

"இல்ல, நாங்க!"

வரிச்சி குட்டியின் சிவந்த வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ஒரு உயிர் தவிக்கும்போது யார் மேல் குற்றம் என்று கரையில் நின்று வாதாடுகிறவர்கள் எல்லோருமே குற்றவாளிகள்தான். அடுத்தவர் இறங்கட்டும் என்று பார்க்காமல் தன் காலை முதலில் நனைப்பவரே ஊரைக் காப்பவர்.