கொம்பு ஊதாத சாயங்காலம்

வேலாங்குறிச்சி ஜமீன்தாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கண்மாய்க் கரையை உள்ளது உள்ளபடி வரையச் சொல்லியிருந்தார். ஓவியர் மாசிலாமணி கொண்டுவந்த படத்திலோ தண்ணீரில் எருமைகள் கிடந்தன, பெண்கள் துணி துவைத்தார்கள், நாணல் ஓரத்தில் ஏழெட்டுக் கொக்குகள் நின்றன.

"பத்து வருஷமா தினமும் சாயங்காலம் அங்க போறேன். ஒரு கொக்கைக்கூடப் பார்த்ததில்லை. யாரை ஏமாத்துறே? நாளைக்கு இதையெல்லாம் என் கண்ணுக்குக் காட்டணும். இல்லேன்னா ஊரைவிட்டே ஓடிப்போ!"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "காட்டுறேனுங்க. நாளைக்கு ஒருநாள் மட்டும் நம்ம கொம்புக்காரர் வீட்டுலயே இருக்கட்டும்."

ஜமீன்தார் கிளம்பினால் முன்னால் ஒருவன் கொம்பு ஊதிக்கொண்டு போவான். சத்தம் கேட்டதும் சனமெல்லாம் ஆடுமாடுகளோடு கரையை விட்டு விலகிவிட வேண்டும். அது ஜமீன் வழக்கம். கொக்குகளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை, ஆனாலும் பறந்துவிடும்.

மறுநாள் இருவரும் சத்தமில்லாமல் புதர் மறைவில் போய் நின்றார்கள். படத்தில் இருந்தது அத்தனையும் எதிரே இருந்தது. ஜமீன்தார் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். கொக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு மெதுவாக, "எல்லாம் சரி, படத்துல நான் இல்லையேப்பா" என்றார்.

"அப்படியே அசையாம இருங்க" என்று மாசிலாமணி தூரிகையை எடுத்தார்.

அதற்கப்புறம் அரண்மனைக்கு யார் வந்தாலும் ஜமீன்தார் அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்.

"அதோ, புதருக்குப் பக்கத்துல, எருமையைவிடச் சின்னதா உக்காந்திருக்கேன் பாருங்க. ஒரு கொக்குகூடப் பறக்கலை!"