பனை மறையும் கடலின் வழக்கு

அந்தக் காலத்தில் திமிங்கலத்துக்குப் பேச்சு இருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு அது புரியவும் செய்தது.

அப்போது ஒரு கரையில் ஐந்து குப்பங்கள் இருந்தன. ஐந்துக்கும் சேர்த்து ஒரே பஞ்சாயத்து. அதன் தலைவர் ஆண்டியப்ப நாட்டார். கரையில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. கட்டுமரத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் அந்தப் பனையின் தலை எதுவரை தெரிகிறதோ, அதுவரைதான் பஞ்சாயத்தின் சட்டம். அந்த எல்லைக்குள் சினை மீன் காலத்தில் யாரும் வலை போடக் கூடாது. போட்டால் வலையை எரித்துவிடுவார்கள். பனை மறைந்த பிறகு வரும் கடல் யாருக்கும் சொந்தமில்லை. அங்கே யாரும் எவ்வளவும் அள்ளலாம்.

அந்தக் கடலின் அடியில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. மீன்கள் முட்டையிட்டதும் சுறாக்கள் குட்டி போட்டதும் அங்கேதான். ஆண்டுக்கு ஆண்டு அங்கே வலைகள் கூடின. அந்த ஆண்டு அங்கே குட்டி ஈன்ற திமிங்கலம் ஒன்று பயந்துபோனது. “இங்கேயே இரு. அம்மா போய்ச் சட்டம் வாங்கிக்கொண்டு வருகிறேன்” என்று குட்டியிடம் சொல்லிவிட்டுக் கரைக்குப் புறப்பட்டது.

பஞ்சாயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முறையிட வருபவர் மணலில் இருந்துதான் முறையிட வேண்டும். தண்ணீரில் நின்று சொல்வதைக் காதில் வாங்க மாட்டார்கள். கேட்ட சட்டம் அமலுக்கு வரும் முன்பு மணலை விட்டுப் போனால் வழக்கு தள்ளுபடி. ஆகவே திமிங்கலம் பெரிய அலை ஒன்றில் ஏறி வந்து மணலில் கிடந்தது.

“நீ உட்கார அஞ்சு குப்பத்து மணலும் பத்தாதே, தாயி” என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது. திமிங்கலம் திட்டைப் பற்றி எடுத்துச் சொன்னது.

நாட்டார் கேட்டார்: “அந்தக் கடல் யாரோடது?”

“யாருடையதும் இல்லை.”

“எங்களுக்குச் சொந்தமில்லாத இடத்துல நாங்க எப்படிச் சட்டம் போடறது?”

“சொந்தமில்லாத இடத்திலிருந்து எப்படி எடுக்கிறீர்கள், நாட்டாரே?”

சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாள் பேசினார்கள். ஒவ்வொரு குப்பமாக ஒப்புக்கொண்டது. இனி சினை மீன் காலத்தில் திட்டின் மேலும் வலை போடக் கூடாது என்று முடிவானது. மனதார எடுத்த முடிவுதான் அது. ஆனால் எந்தப் புதுச் சட்டத்தையும் பௌர்ணமி அன்று நிலா எழும்போது பறை அடித்துத்தான் தொடங்குவார்கள். பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மறுநாள் விடியும்போதே ஐந்து குப்பத்துக் கட்டுமரங்களும் கடலில் இறங்கின. பனை மறையும் தூரத்துக்கு அதுவரை போகாதவர்கள்கூடப் போனார்கள். பௌர்ணமிக்குப் பிறகு முடியாதே என்பதுதான் எல்லோருக்கும் நினைப்பு.

மீன் விற்கும் அஞ்சலாட்சி மட்டும் குடம் குடமாகத் திமிங்கலத்தின் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எல்லோரும் எந்தப் பக்கம் போகிறார்கள்?” என்று திமிங்கலம் கேட்டது.

அஞ்சலாட்சி குடத்தைக் கீழே வைத்தாள். “நீ இப்பவே கிளம்பிப் போயிடு, தாயி.”

“போனால் வழக்கு?”

“தள்ளுபடி ஆயிடும்.”

திமிங்கலம் யோசித்தது. “சட்டம்தான் போட்டுவிட்டார்களே” என்று சொல்லிவிட்டு அப்படியே கிடந்தது.

பௌர்ணமி அன்று மத்தியானம் கடைசிக் கட்டுமரங்கள் திரும்பின. திட்டின் மேல் வலைக்கு வலை இடைவெளி இல்லாமல் போட்டிருந்தார்கள். மூச்சு விட மேலே வரக் குட்டிக்கு வழி இருக்கவில்லை. நான்கு கட்டுமரங்களைச் சேர்த்துக் கட்டி அதைக் கொண்டுவந்து, தாயின் பக்கத்திலேயே கிடத்தினார்கள்.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. “இதுக்கு என்ன தண்டனை?” என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

நாட்டார் நேர்மையானவர். குட்டி எப்போது கரைக்கு வந்தது என்று நான்கு பேரிடம் விசாரித்தார். பிறகு சொன்னார்: “வந்தது மத்தியானம். சட்டம் நிலா எழும்பின பிறகுதான். குத்தமில்லை.”

நிலா எழுந்தது. பறை அடித்தார்கள். திமிங்கலம் கேட்ட சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை யாரும் மீறவில்லை. அடுத்த ஆண்டு திட்டின் மேல் ஒரு வலைகூட விழவில்லை. பிடிக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

பறை அடித்த அந்த இரவுக்குப் பிறகு திமிங்கலம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வழக்கு முடிந்தது என்று சொல்லி அதைக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். அது திரும்பி வந்து அதே மணலில் படுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் திமிங்கலங்கள் சில சமயம் கூட்டமாகவே வந்து கரையில் கிடக்கின்றன. பாவம், வழி தவறி வந்துவிட்டன என்று நாம் பத்துப் பேர் சேர்ந்து கடலுக்குள் தள்ளுகிறோம். அவை மறுபடியும் மணலுக்கே வருகின்றன. அவற்றுக்கு அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மணலை விட்டுப் போனால் வழக்கு தள்ளுபடி என்பதை அவை இன்னும் மறக்கவில்லை.